மகரும் சக்தியும்: கரையேறும் இரண்டு கப்பல்கள்

கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலைத் தோணி திரும்பி வரும் வேளையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலில் ஓடுவதைவிடக் கரையேறுவதுதான் கடினம். எழும்பும் அலைக்கும் விழும் அலைக்கும் இடையில் கிடைக்கிற ஒரு மூச்சு நேரத்துக்குள் தோணியை மணலுக்குள் ஓட்டிவிட வேண்டும். பிந்தினால் தோணி பக்கம் திரும்பும், திரும்பினால் கவிழும். துறைமுகம் இல்லாத ஊர்களின் பிழைப்பு அந்த ஒரு மூச்சில் கிடக்கிறது.

வாடியில் இருந்த மூத்தவர் ஒருவரிடம் ஒருநாள், யுத்த டாங்கிகளை ஏற்றிக்கொண்டு நூறு மீற்றர் நீள இரும்புக் கப்பலும் இப்படித்தான் மணலில் வந்து ஏறும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏறுறது கிடக்கட்டும் மகன், பிறகு அது எப்பிடி இறங்கும்?" என்று கேட்டார். இந்தக் கப்பல்களைப் பற்றி நான் வாசித்த எதிலும் இதைவிட நல்ல கேள்வியைக் கண்டதில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு கப்பல்களை இங்கே பக்கம் பக்கமாக நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று இந்தியக் கடற்படையின் மகர். 1987 முதல் 2023 வரை பணியாற்றி ஓய்வு பெற்றது. மற்றது இலங்கைக் கடற்படையின் சக்தி. 1995-இல் சீனாவிலிருந்து வந்தது. இரண்டும் டாங்கி இறக்கும் கப்பல்கள். இரண்டும் நம் நாட்டுப் போரின் நீரில் ஓடியவை. அளவிலோ ஒன்று யானை, மற்றது கன்று.

முதலில் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். 1940-இல் டன்கேர்க் கடற்கரையிலிருந்து பிரித்தானியப் படை தப்பியபோது ஆட்களைத்தான் கொண்டுபோக முடிந்தது. கனரக ஆயுதங்கள் ஏறத்தாழ அத்தனையும் பிரான்ஸ் மண்ணில் கிடந்தன. திரும்பிப் போய்ச் சண்டையிட வேண்டுமானால் டாங்கிகளைத் துறைமுகம் இல்லாமலே இறக்க வேண்டும். அதற்கென்று முதலில் கைக்கு அகப்பட்டவை வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரியில் ஆழமில்லாத நீரில் ஓடிய எண்ணெய்க் கப்பல்கள். அவற்றில் மூன்றை எடுத்து முகப்பை வெட்டிக் கதவு வைத்தார்கள். மூன்றில் ஒன்றான பச்சாகேரோ, 1942 மே மாதம் மடகஸ்காரின் தியேகோ சுவாரஸ் தாக்குதலில் கரையேறியது. இந்த வகைக் கப்பல் போரில் முதன்முதலாகப் பயன்பட்டது அப்போதுதான். அதுவும் நம் இந்து சமுத்திரத்தில்.

அதற்கு ஒரு மாதம் முன்னர் என்ன நடந்தது என்பது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942 ஏப்ரல் 5-ஆம் திகதி கொழும்பிலும் 9-ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதே 9-ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. யப்பான் இந்து சமுத்திரத்துக்குள் வந்துவிட்டது என்ற அச்சம் நிறைந்த நாட்களில்தான் மடகஸ்கார் தாக்குதல் நடந்தது. ஹேர்மிஸ் இன்றும் அங்கேதான் கிடக்கிறது. நம் கடலின் அடியில் ஒரு கப்பலும், நம் சமுத்திரத்தின் மறுகரையில் மணலில் ஏறிய ஒரு கப்பலுமாக, இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த பக்கங்கள்.

மாற்றிக் கட்டிய எண்ணெய்க் கப்பலை விட்டு, இதற்கென்றே புதிதாக ஒரு கப்பலை வரைந்தவர் அமெரிக்கர் ஜோன் நீடர்மேயர். 1941 நவம்பரில் அவர் போட்ட வரைபடத்திலிருந்து போர் முடிவதற்குள் 1,051 கப்பல்கள் பிறந்தன. நீளம் ஏறத்தாழ 100 மீற்றர். பல கப்பல்கள் கடலையே காணாத ஆற்றங்கரை ஊர்களில் கட்டப்பட்டு, ஆற்றோடு மிதந்து கடலுக்கு வந்தவை. ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள எவன்ஸ்வில் என்ற ஊர் மட்டும் 167 கப்பல்களைக் கட்டியது.

இப்போது மூத்தவரின் கேள்விக்கு வருவோம். நடுக்கடலில் தட்டையான அடிப்பகுதி ஆபத்து. அலை தூக்கி அடிக்கும். ஆகவே அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு கப்பல் தாழ்ந்து ஓடும். கரையை நெருங்கியதும் அந்த நீரை வெளியே இறைத்துவிடும். கப்பல் எழும்பும். முகப்பு மேலே, பின்புறம் கீழே என்று சரிந்து நிற்கும். கரை மணலும் அப்படித்தானே சரிந்திருக்கிறது. கரை தட்டுவதற்குக் கொஞ்சத் தூரம் இருக்கும்போதே பின்பக்க நங்கூரம் ஒன்றைக் கடலில் போட்டுவிட்டு, அதன் கம்பி வடத்தை அவிழ்த்துக்கொண்டே முன்னே வரும். மணலில் முட்டியதும் முகப்புக் கதவுகள் திறக்கும், சாய்பலகை விழும், வாகனங்கள் தம் சக்கரத்திலேயே கரைக்கு ஓடும். சுமை இறங்கிய கப்பல் தானாகவே இலேசாகும். பிறகு அந்த நங்கூர வடத்தைச் சுற்றி இழுத்து, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, வந்த வழியே கழன்று போகும்.

இதைச் சொன்னதும் மூத்தவர், "அப்ப எங்கட வலைக்கயிறு மாதிரித்தான், ஆனா மற்றப் பக்கமாக" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி. கரைவலைக்காரர் கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறார்; கடைசியில் கரையிலிருந்து இழுக்கிறார். கப்பற்காரர் வடத்தின் நுனியைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வருகிறார். கடைசியில் கடலிலிருந்து இழுக்கப்படுகிறார்.

இந்தக் கப்பல்கள் எவ்வளவு அருமையானவை என்பதற்கு நம் பக்கமே ஒரு சான்று உண்டு. அந்தமான் தீவுகளை யப்பானிடமிருந்து மீட்க ஒரு தரையிறக்கத் திட்டம் இருந்தது. 1943 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். ஐரோப்பாவில் கரையேறுவதற்கு இந்தக் கப்பல்கள் தேவைப்பட்டதால் இங்கிருந்து அங்கே போயின. வங்காள விரிகுடாவின் யுத்தம் எப்படிப் போகும் என்பதைக் கதவு வைத்த கப்பல்களின் எண்ணிக்கை தீர்மானித்தது.

பிரித்தானியா கட்டிய, 3011-ஆம் இலக்கத்தையும் அவெஞ்சர் என்ற பெயரையும் தாங்கியிருந்த இந்த வகைக் கப்பலொன்று 1949-இல் இந்தியாவுக்கு வந்து மகர் ஆனது. நான் எழுதப் போகும் மகர் அதன் பெயரை வாங்கிய இரண்டாவது கப்பல். மகர் என்றால் இந்தியில் முதலை. கிட்டங்கி ஆற்றங்கரையில் முதலை வாயைத் திறந்தபடி வெயில் காய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, முகப்பைத் திறந்தபடி மணலில் கிடக்கும் கப்பலுக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள் என்று ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மகர் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டுமிடத்தில் பிறந்தது. 1984-இல் நீரில் இறங்கி, 1987 ஜூலையில் பணியில் சேர்ந்தது. 120 மீற்றர் நீளம், முழுச் சுமையில் 5,600 தொன்னுக்கு மேல். பதினைந்து டாங்கிகளும் ஐந்நூறு படைவீரரும் ஏறலாம். மேல்தளத்தில் ஹெலிகொப்டர் இறங்கும். பக்கங்களில் நான்கு சிறு தரையிறக்கப் படகுகள் தொங்கும். வடிவம் பிரித்தானியாவின் சேர் லான்சலொட் வகையிலிருந்து வந்தது. அந்த வகையின் சேர் கலஹாட், 1982 ஜூன் 8-ஆம் திகதி பொக்லாந்துத் தீவுக் கரையில் ஆட்களை இறக்காமல் காத்து நின்றபோது ஆர்ஜென்டினா விமானங்களால் தாக்கப்பட்டு 48 பேர் மாண்டார்கள். தரையிறக்கக் கப்பலின் பெரிய பலவீனம் அது. கரையோரம் நிற்கிற நேரமெல்லாம் அது ஓட முடியாத இலக்கு.

மகர் பணியில் சேர்ந்த அதே மாதம் 29-ஆம் திகதி கொழும்பில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை வந்திறங்கத் தொடங்கியது. பெயின்ட் காயாத அந்தப் புதுக் கப்பலுக்கு முதற் பெரும் வேலை நம் நாட்டுக் கரைதான். படையையும் வாகனங்களையும் வடக்கு கிழக்குக்கு ஏற்றி வந்த கப்பல்களுள் மகரும் ஒன்று. 1990 மார்ச் 24-ஆம் திகதி கடைசி இந்தியப் படைப்பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறிப் போனது. அந்த மூன்று வருடங்களில் நடந்தவற்றை நம்மூர்கள் எவையும் மறக்கவில்லை. அவர்கள் போன பிறகு அதே வருடம் ஓகஸ்டில் நம் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைகளையும் மறக்கவில்லை. சாம்பல் நிறக் கப்பலைத் தொலைவில் கண்டால் நெஞ்சு இறுகுகிற தலைமுறை நாங்கள். ஆகவே இந்தக் கப்பல்களைப் புகழ்ந்து எழுதுவதற்கு எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

சக்தியின் பிறப்பு வேறு. தன் நாட்டில் கட்ட நேரமில்லாத ஒரு நாடு, யுத்தத்தின் நடுவில் கடையில் வாங்கிய கப்பல் அது. சீனாவின் 074 வகை. நீளம் 58 மீற்றர், முழுச் சுமையில் 800 தொன் அளவு. இரண்டு டாங்கிகளும் சுமார் 250 பேரும் ஏறலாம். அதாவது மகரின் நீளத்தில் பாதி, எடையில் ஏழில் ஒரு பங்கு.

அது வந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். 1990 முதல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை மீட்க வெற்றிலைக்கேணிக் கரையில் படை இறங்கியபோது, இலங்கை நடத்திய மிகப் பெரிய கடல்வழித் தரையிறக்கம் என்று அதைச் சொன்னார்கள். சக்தி அப்போது இல்லை. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் அரச படையிடம் வந்தபோது புதுச் சிக்கல் பிறந்தது: தரைவழி இல்லாத குடாநாட்டில் இருக்கும் பெரும் படைக்கு அரிசியும் எண்ணெயும் வெடிமருந்தும் எப்படிப் போகும்? வானத்தாலும் கடலாலும்தான். திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையிலான அந்தக் கடல்வழியில்தான் இந்த வகைக் கப்பல்களின் யுத்த வாழ்க்கை கழிந்தது. 2002-இல் வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11-இல் மறுபடி மூடியது. மூடுவதற்கு மூன்று மாதம் முன்னர், மே 11-ஆம் திகதி, 710 படையினரை ஏற்றி வந்த பேர்ள் குரூஸ் என்ற பயணிக் கப்பலை வெற்றிலைக்கேணிக்கு அப்பால் கடற்புலிகள் தாக்க வந்தார்கள். கப்பல் தப்பியது, காவலுக்கு வந்த படகு போனது. அந்த வழியில் ஓடிய ஒவ்வொரு கப்பலின் ஒவ்வொரு பயணமும் அப்படியொரு பகடை.

இங்கே இரண்டு கப்பல்களுக்கும் ஒரு பொதுத்தன்மை வெளிப்படுகிறது. டாங்கிகளை எதிரியின் கரையில் துப்பாக்கிச் சூட்டின் நடுவே இறக்குவதற்காகக் கட்டப்பட்டவை இவை. வாழ்நாளின் பெரும்பகுதியில் செய்த வேலையோ சுமை ஏற்றுவதும் ஆளேற்றுவதும். உலகப்போரின் கப்பல்களுக்கும் இதே விதிதான். இன்றும் எவன்ஸ்வில்லில் மிதக்கும் 325-ஆம் இலக்கக் கப்பல் 1944 ஜூன் 7-ஆம் திகதி நோர்மண்டிக்குப் போனது என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையில் நாற்பது தடவைக்கு மேல் சாமான் ஏற்றி ஓடியதும், அதே டிசம்பரில் தாக்கப்பட்ட எம்பயர் ஜவெலின் கப்பலிலிருந்து சுமார் 700 பேரைக் காப்பாற்றியதும் பலருக்குத் தெரியாது. அதன் கூட்டாளி 393, போருக்குப் பின் மிச்சிகன் ஏரியில் புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் படகாக இருபத்தைந்து வருடங்கள் உழைத்தது. சக்கரம் உள்ள எதையும் கதவால் உள்ளே விட்டு, கதவாலேயே வெளியே விடலாம். பாரந்தூக்கி வேண்டாம், துறைமேடை வேண்டாம். அந்தக் கதவுக்கு டாங்கி என்றும் தெரியாது, தண்ணீர் வண்டி என்றும் தெரியாது.

மகரின் பிற்கால வரலாறு இந்தக் கதவைத்தான் சொல்கிறது. 2004 சுனாமிக்குப் பின் 1,300 பேருக்கு மேல் அது ஏற்றி வெளியேற்றியது. 2006 பெப்ரவரியில் பழைய வெடிபொருட்களைக் கடலில் கொட்டும்போது நடந்த வெடிப்பில் அதன் மாலுமிகள் மூவர் இறந்தனர். யுத்தம் இல்லாத நாளிலும் யுத்தச் சாமான் உயிரெடுக்கும் என்பதற்கு அந்த மூவரே சாட்சி. கடைசிக் காலத்தில் இளம் அதிகாரிகளுக்குக் கடல் கற்பிக்கும் பயிற்சிக் கப்பலாக இருந்தது. 2020 மே 12-ஆம் திகதி, கொவிட் ஊரடங்கில் மாலைதீவில் மாட்டிக்கொண்ட 202 பேரைக் கொச்சியில் இறக்கியது. 2021 ஒக்டோபரில் பயிற்சிக் கப்பல்களோடு இலங்கைக்கு வந்துபோனது. முதன்முதலில் படையோடு வந்த நாட்டுக்கு மாணவரோடு வந்தது அது. 2023 மே 6-ஆம் திகதி கொச்சியில் கொடி இறங்கியது.

சக்திக்கு அப்படியொரு நாள் 2021 ஓகஸ்டில் வாய்த்தது. டெல்டா கொவிட் உச்சத்தில் நம் வைத்தியசாலைகளில் மூச்சுக்குத் தவித்த நாட்கள் அவை. கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரித்த மாதங்களின் காயம் ஆறாமல் இருந்த நாட்களும் அவைதான். இந்தியாவின் ஷக்தி என்ற எண்ணெய்க் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் திரவ ஒட்சிசன் கொண்டு கொழும்புக்கு வந்தது. இலங்கையின் சக்தி சென்னைக்குப் போய் 40 தொன் ஏற்றி வந்தது. இரண்டு நாட்டுக் கப்பல்களுக்கும் ஒரே பெயர். இருபத்தாறு வருடங்களாக யுத்தச் சாமான் ஏற்றிய வயிற்றில் அந்த முறை மனிதரின் மூச்சு ஏறியது. அதன் சேவைக் குறிப்பில் எனக்குப் பெரிய நாள் அதுதான்.

மகரின் தங்கைக் கப்பலான கரியாலும் 2022 ஏப்ரல் 29-ஆம் திகதி, பொருளாதாரம் விழுந்து மருந்துக்கடைகள் வெறிச்சோடிய நேரத்தில், 107 வகையான உயிர்காக்கும் மருந்துகளைக் கொழும்பில் இறக்கியது. மொத்தம் 760 கிலோ. ஐயாயிரம் தொன் கப்பலுக்கு அது ஒரு கைப்பிடி. ஆனால் அந்தக் கைப்பிடி எந்த நேரத்தில் வந்தது என்பதை மருந்துச் சீட்டோடு அலைந்தவர்கள் அறிவார்கள்.

சரி, இரண்டில் எது மேல்? ஒப்பாய்வு என்று தொடங்கிவிட்டு இதற்குப் பதில் சொல்லாமல் போவது நியாயமில்லை.

தூரமும் சுமையும் கணக்கென்றால் மகர்தான். அந்தமானுக்கும் மாலைதீவுக்கும் நூற்றுக்கணக்கானோரை ஏற்றி ஓட எண்ணூறு தொன் கப்பலால் முடியாது. கரைக்கு ஏற முடியாத இடத்திலும் மகரிடம் வேறு வழி உண்டு: தள்ளி நின்று சிறு படகையும் ஹெலிகொப்டரையும் அனுப்பும். ஆனால் மகருக்கு மிதக்க ஏறத்தாழ நான்கு மீற்றர் ஆழம் வேண்டும். கரையின் சரிவு நாற்பதுக்கு ஒன்றாவது இருந்தால்தான் அது ஏறும். சக்திக்கு மூன்று மீற்றருக்கும் குறைவான நீர் போதும். நம் கரைக்கு, அதாவது மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் திறந்த மணற்கரைக்கு, என் தீர்ப்பு சக்தியின் பக்கம். பெரிய கப்பல் வெளியே நின்று பார்க்கும் இடத்தில் சின்னக் கப்பல் உள்ளே வரும்.

ஆனாலும் கப்பலைவிட மணலுக்கு அதிகாரம் கூட. 1945 செப்டெம்பர் 9-ஆம் திகதி மலாயாவின் மோரிப் கரையில் பிரித்தானிய இந்தியப் படைகள் இறங்கின. யப்பான் அதற்குள் சரணடைந்திருந்தது, சுடுவதற்கு ஆளில்லை. அப்படியிருந்தும் வாகனங்கள் மணலிலும் சேற்றிலும் புதைந்து கரை முழுவதும் குழம்பிப் போனது. எதிரி இருந்திருந்தால் அது கொலைக்களமாகியிருக்கும். 1971 டிசம்பரில் கொக்ஸ் பஜாருக்குத் தெற்கே இந்தியாவின் பழைய கரியாலும் குல்தாரும் கூர்க்கா வீரர்களை இறக்கப் போயின. கப்பல் முட்டியது கரையில் அல்ல, கரைக்கு முன்னால் கிடந்த மணல்மேட்டில். மேட்டுக்கும் கரைக்கும் இடையில் ஆழமான நீர். இறங்கியவர்களில் இருவர் மூழ்கி இறந்தார்கள். அந்த மேட்டை நம் ஊர்த் தோணிக்காரர் எவரிடமாவது கேட்டிருந்தால் ஒரு பார்வையில் காட்டியிருப்பார். அலை எங்கே உடைகிறதோ அங்கே மேடு. வாடைக் காலத்தில் அது ஓரிடம், கச்சான் காலத்தில் இன்னோரிடம்.

இந்த அறிவைக் கேட்காமல் கரையில் கை வைத்ததன் விலையை ஒலுவிலில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அந்தத் துறைமுகம். 2008-இல் வேலை தொடங்கி, டென்மார்க் கடனில் கட்டி, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். அலைதாங்கிக் கற்சுவர்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே கரை அறுந்தது. தென்னையும் வளவும் கடலுக்குள் போயின. துறைமுக வாயையே மணல் அடைத்தது. கனவு கண்டவர் மேல் எனக்குக் குறையில்லை. தென்கிழக்குக்கு ஒரு கடல்வாசல் வேண்டும் என்று அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். கடலும் மணலும் வருடா வருடம் எப்படி நடக்கின்றன என்று அளந்து முடிக்காமல் கல்லைப் போட்டதில்தான் பிழை.

அந்தக் கடல்வாசல் ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு நாள் போதும்: சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம், ஒவ்வொரு பெயரும் ஒரு மையவாடி. அறுகம்பைப் பாலம் உடைந்து அதற்கப்பால் இருந்தவர்கள் துண்டுபட்டார்கள். நமக்கு வந்த உதவியெல்லாம் மேற்கிலிருந்து, வயல்வெளிப் பாதைகளால், லொறி லொறியாக வந்தது. முதலில் ஓடி வந்தவர்கள் பக்கத்து ஊர்ச் சனம், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும். பின்னர் கனேடியப் படையின் அனர்த்த உதவிக் குழு அம்பாறையில் முகாமிட்டுக் குடிநீர் சுத்திகரித்துத் தந்தது. கடல் பக்கம் நமக்கு மூடிய கதவாகவே இருந்தது. உயிரை எடுத்த திசையிலிருந்து உதவியும் வரலாம் என்று நினைக்கக்கூட அப்போது ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த வயல்வெளிப் பாதைகளும் நம்பத்தக்கவை அல்ல. ஒவ்வொரு மாரியிலும் கிட்டங்கியும் மாவடிப்பள்ளியும் வெள்ளத்தில் அமிழ்கின்றன. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரசாப் பிள்ளைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மேற்கே வெள்ளம், கிழக்கே கடல், நடுவில் ஒரு கிலோமீற்றர், இரண்டு கிலோமீற்றர் அகலத்தில் நெருக்கியடித்துக் குடியிருக்கும் சனம். நாட்டிலேயே மிக அடர்ந்த குடியிருப்புகளுள் நம் ஊர்களும் உண்டு. வீதி அறுந்தால் நாம் ஒரு தீவு. தீவுக்கு உதவி கப்பலில்தான் வர வேண்டும்.

மகர் போய்விட்டது. சக்திக்கும் முப்பது வயதாகிறது. அதற்கு அடுத்து ஒரு கப்பலை வாங்கும் நாளில் கடற்படை டாங்கிகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுக்கக் கூடாது. தண்ணீர் பவுசர் எத்தனை, அம்புலன்ஸ் எத்தனை, மின்பிறப்பாக்கி எத்தனை ஏறும் என்றும் பார்க்க வேண்டும். அதற்கு முன்னர் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை கப்பல் ஏறத்தக்க இடங்கள் எவை என்று கரையின் சரிவையும் மணல்மேட்டையும் வாடைக்கு ஒரு முறை, கச்சானுக்கு ஒரு முறை அளந்து வைக்க வேண்டும். அளக்கப் போகும் அதிகாரிகள் படகில் ஒரு கரைவலைத் தோணிக்காரரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். அளந்த இடங்களில் வருடத்துக்கு ஒரு தடவையாவது சக்தி வந்து ஏறி, இறங்கிக் காட்ட வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் கரையில் நின்று பார்க்கட்டும்.

மாவட்டச் செயலகத்தையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும், கடற்படையையும், நம் பாராளுமன்ற உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த வாடைக்கு முன்னர் இந்த அளவை வேலையைத் தொடங்குங்கள். கல்முனைக்குடி வாடியில் கேள்வி கேட்ட மூத்தவர் இன்னும் இருக்கிறார். எந்த மேடு எங்கே கிடக்கிறது என்று கேட்டால் சொல்வார்.